தரை வீட்டில் இரண்டு நாய்கள்

வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் மூன்று வழக்கறிஞர்கள் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கூடுவோம். நான் நிலப் பத்திரம் பார்ப்பவள். இன்னொருவர் ஷரியா நீதிமன்றத்தில் வாரிசு வழக்குகள் நடத்துபவர். ஜவுளிக்கடைக் குடும்பத்துத் தமிழ் முஸ்லிம். பல வருடப் பழக்கத்தில் எங்களுக்கு அவர் வெறும் பாய். மூன்றாமவள் எங்கள் இருவரையும் விட இளையவள். கடை லைசென்ஸ், சாக்கடை, அடுத்த வீட்டுக்காரன் நீட்டிய கூரை என்று நகராண்மைக் கழக விவகாரம் எல்லாம் அவள் கையில். பாய் தொழுகை முடித்து வந்த பிறகுதான் சாப்பிட உட்காருவோம். அதுவரை நானும் அவளும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு ஊர் வம்பு பேசுவோம்.

சாப்பாடு ஒரு சாக்கு. அந்த வாரம் எந்த மாநிலத்தில் எந்தச் சட்டம் மாறியது என்று ஆளுக்கொரு செய்தி கொண்டுவர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இந்த நாட்டில் நிலமும், முஸ்லிம்களின் குடும்பச் சட்டமும், ஊராட்சி விதிகளும் மாநிலத்தின் பிடியில் இருக்கின்றன. ஒரு மாநிலத்தில் வீடு கைமாற அனுமதி வாங்கும் முறை மாறியிருக்கும். பக்கத்து மாநிலத்தில் பழையபடியே இருக்கும். நான் காலையில் கிள்ளானில் ரயில் ஏறி, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால், கூட்டரசுப் பிரதேசத்துச் சட்டம் தொடங்கியிருக்கும். இதையெல்லாம் ஒரே ஆள் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. அடுத்தவர் பகுதியில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது. என்னிடம் யாராவது வாரிசு பற்றிக் கேட்டால், "பாய்கிட்ட கேட்டு வெள்ளிக்கிழமை சொல்றேன்" என்பதோடு வாயை மூடிக்கொள்வேன்.

என் அண்ணன் ஒரு திங்கட்கிழமை கூப்பிட்டபோதும் அதைத்தான் சொன்னேன்.

அண்ணன் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிள்ளானில், அடுக்குமாடி இல்லாத, நிலத்தோடு சேர்ந்த ஒரு தரை வீட்டில் இருக்கிறார். அண்ணி போன வருடம் தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை. வீட்டில் மிச்சம் இரண்டு நாய்கள். ஒன்று, அண்ணி பாசாருக்குப் போன இடத்தில் மீன் கடை ஓரமாகக் கிடந்ததைத் தூக்கிவந்த பழுப்பு நிறக் கிழவி. அதற்குக் காது கேட்காது, பாதி நாள் கண்ணும் தெரியாது. மற்றது கறுப்பு. வயசுப் பிள்ளை. அண்ணி போன பிறகு அண்ணன் எந்த அறைக்குப் போனாலும் பின்னாலேயே போவது, கழிப்பறை வாசலில்கூடக் காத்திருப்பது எல்லாம் இந்தக் கறுப்பு. அண்ணன் ஒரு நாளில் பேசும் பேச்சு மொத்தமும் அதனிடம்தான். எங்களிடம் 'ம்', 'சரி', 'சாப்பிட்டேன்' என்பதோடு சரி.

"புதுச் சட்டம் வந்திருக்காம்மா. தரை வீட்டுக்கு ஒரு நாய்தானாம். பக்கத்து வீட்டுத் தம்பி போன்ல காட்டுனாரு."

"நாய் என் பகுதி இல்லண்ணே. வெள்ளிக்கிழமை கேட்டுச் சொல்றேன். அது வரைக்கும் சும்மா இருங்க லா."

'சரி' என்றார். அந்தச் 'சரி'யை நம்பியிருக்கக் கூடாது. அண்ணன் மஞ்சள் விளக்குக்கே வண்டியை நிறுத்துகிறவர். கோவிலில் செருப்பை இங்கே விடாதீர்கள் என்று எழுதியிருந்தால், மழையில் நனைந்துகொண்டு காருக்குத் திரும்பிப் போய் விட்டுவருவார். சிவப்பு என்றால் நிற்க வேண்டும், ஏன் சிவப்பு என்று கேட்கக் கூடாது என்பதையே தொழிலாகச் செய்த மனிதர். வாழ்க்கை முழுக்க அவரோடு எனக்கு இதே சண்டை.

வெள்ளிக்கிழமை நான் நாய் விவகாரத்தை எடுத்து மேசையில் வைத்தேன். இளையவள் அந்தத் துணைச் சட்டத்தை முன்பே படித்திருந்தாள். கையைத் துடைத்துவிட்டு போனில் அரசிதழைத் திறந்தாள்.

"ஒன்னுதான்கா. உண்மைதான். உங்க கிள்ளானுக்கும் சேத்துதான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. பாய் ரசத்தை உறிஞ்சியபடி, "கடைசி வரைக்கும் படிங்கம்மா. எங்க சட்டத்துல எல்லாம் பழசை என்ன செய்யணும்னு கடைசியிலதான் எழுதியிருப்பான்" என்றார். அடுத்தவர் பகுதியில் மூக்கை நுழைத்ததற்கு உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

அவள் திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள். இந்தச் சட்டம் நடப்புக்கு வரும் நாளில் லைசென்ஸ் உள்ள நாய்கள், அவை உயிரோடிருக்கும் வரை அதே வீட்டில் இருக்கலாம் என்று கடைசிப் பிரிவு சொன்னது. சட்டம் நடப்புக்கு வர இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அண்ணனின் இரண்டு நாய்களுக்கும் லைசென்ஸ் உண்டு. அந்தத் தெருவிலேயே வரிசையில் நின்று லைசென்ஸ் எடுத்த ஒரே ஆள் அவர்தான். எனக்கு வந்த சந்தோஷத்தில் இன்னொரு மீன் துண்டு சொல்லிவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"அனுப்பிட்டேன்மா" என்றார் அண்ணன். "கறுப்பத்தான். தெலுக் பங்லிமா காராங்ல ஒரு பேக்டரிக்கு. காவலுக்கு வேணும்னாங்க. கிழவிய எவன் எடுப்பான்?"

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அச்சில் ஏறாது. வெள்ளிக்கிழமை வரை பொறுக்க மாட்டாரா? அதுவும் எந்த நாய் இல்லாமல் அவரால் இருக்க முடியாதோ அதைப் பார்த்து அனுப்பியிருக்கிறார்! நான் போனை வைத்த வேகத்தில் பாய் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

இளையவளின் முகம் மாறியிருந்தது. "அக்கா, லைசென்ஸ அங்கிள் ரத்து பண்ணிட்டாரான்னு கேளுங்க. பண்ணியிருந்தா புதுசா எடுக்கணும். புதுசு எடுத்தா அது ரெண்டாவது நாய். குடுக்கவே மாட்டாங்க."

செய்திருப்பார் என்றே தோன்றியது. ஏனென்றால் என் அண்ணனைப் போன்ற ஆள் நாயைக் கொடுத்தால், மறுநாள் காலையில் லைசென்ஸையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். மறுபடி கூப்பிட்டேன். அவர் எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருந்தாராம், பிறகு சொன்னார். அவர் குளித்து முடிப்பதற்குள் எனக்கு வயதாகிவிட்டது.

"நேத்து போனேன்" என்றார் கடைசியில். "வாங்கிக்கிட்டவரு கையெழுத்து வேணும்னாங்க. திங்கட்கிழமை வாங்கன்னு அனுப்பிட்டாங்க."

இத்தனை வருடத் தொழிலில், ஒரு கவுன்ட்டரில் இன்னொரு நாள் வரச் சொன்னதற்காக நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் முறை. எழுந்து போய் அந்தக் கவுன்ட்டர்காரருக்கு ஒரு மாலை போட வேண்டும்போல இருந்தது.

நாயைத் திரும்பக் கூட்டிவரக் கார் வேண்டும், நானோ ரயிலில் வந்திருந்தேன். பாய் கையெடுத்துக் கும்பிட்டார். "என் கார மட்டும் கேக்காதீங்க. உங்க அண்ணன வேணும்னா பினாங்கு வரைக்கும் கூட்டிட்டுப் போறேன். நாய ஏத்துனா எங்க மார்க்கப்படி நான் கார ஏழு தடவ கழுவணும்." சாப்பாட்டுக் காசை அவரே கொடுத்து எங்களை விரட்டினார். இளையவளின் சின்னக் காரில் கிளம்பினோம்.

வழியில் கிள்ளானில் அண்ணனை ஏற்றிக்கொள்ளப் போனால், அவர் கேட்டைத் திறக்காமல் நிற்கிறார். "கொடுத்தத திருப்பிக் கேக்கறது நல்லா இல்ல. சட்டம் வேற..."

"சட்டந்தாண்ணே இது!" என்று இளையவளின் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மலாயில் இருந்ததால் உதடசைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பிறகு கேட்டைத் திறந்து வந்து காரில் ஏறினார். செருப்பு மாற்றவில்லை, வீட்டுச் செருப்போடு வந்துவிட்டார்.

பேக்டரி வாசலில் சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "நீங்களே எடுத்துக்கிட்டா நல்லதுதான் அங்கிள். வந்த நாள்லேர்ந்து குரைக்கவே இல்ல. லோரிக்கு அடியில போய்ப் படுத்துக்கிச்சு. சோறு வச்சா பாக்க மாட்டேங்குது. நாளைக்குப் பெரிய லோரி எல்லாம் வரும், என்ன செய்யறதுன்னு நானே பயந்துட்டு இருந்தேன்."

அவர் சொன்னபடியே அது லோரிக்கு அடியில், பின் சக்கரத்தை ஒட்டித்தான் கிடந்தது. இளையவள் கூப்பிட்டாள், நான் கூப்பிட்டேன், சூப்பர்வைசர் ரொட்டியைக் காட்டினார். ஒரு காதுகூட அசையவில்லை. அண்ணன் குனிய முடியாமல் குனிந்து, எண்ணெய்த் தரையில் முட்டி போட்டு, "வீட்டுக்குப் போலாமா?" என்றார். அவ்வளவுதான். அது வந்த வேகத்தில் அண்ணன் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் கறை. நான் அழுதேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது, இளையவளும் அழுதாள்.

திரும்பி வரும்போது நாய் பின்சீட்டில் அண்ணன் மடியில் முக்கால் உடம்பைப் போட்டுக்கொண்டு தூங்கியது. சாலையில் கண்டெய்னர் லோரிகள் நெருக்கின. நிம்மதியில் எனக்கு வாய் நிற்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வரை பொறுக்காத மனிதர், கேள்வியே கேட்காமல் கீழ்ப்படிகிற மனிதர் என்று வழிநெடுக அண்ணனைக் கிண்டல் செய்துகொண்டே வந்தேன். அவர் நாயின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிரிவு மாதிரி ஒன்னு எல்லா எடத்துலயும் இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

"பெரும்பாலும் இருக்கும் அங்கிள்" என்றாள் இளையவள், கண்ணாடியில் அவரைப் பார்த்து. "இல்லாட்டியும் கேட்டுப் பாக்கலாம். கேட்டா ஒன்னும் ஆயிடாது."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு ஆஸ்பத்திரில மணி ஆச்சு, பாக்க வந்தவங்க எல்லாரும் போங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. உங்க அண்ணி என் கைய விடல. நாந்தான் எடுத்துவிட்டுட்டு வந்தேன். விடிகாலையில போன் வந்துச்சு. இருக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இல்ல?"

அண்ணி போன பிறகு அவர் அண்ணியைப் பற்றி எங்களிடம் சொன்ன முதல் பேச்சு அது. கிண்டலை விட்டுவிட்டேன். கையைப் பின்னால் நீட்டி அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை. அண்ணி கடைசியாக என்ன சாப்பிட்டார், எதற்குச் சிரித்தார், நாய்களுக்குச் சோறு வைத்தாயிற்றா என்று எப்படிக் கேட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் யாரும் இறங்கவில்லை. இளையவள் எஞ்சினை அணைத்தாள். அண்ணன் பேசிக்கொண்டிருந்தார்.