கன்ட்ரி கூத்துக்குப் போன மாலை

பொரித்த உருளைக்கிழங்கின் மணத்தோடு பூச்சி உருண்டையின் மணமும் கலந்து மூக்கில் ஏறினால், எண்பதுகளின் கடைசியில், சுவிசின் பீல் நகரத்தில், அம்மா தன் கூறைச்சேலையை உடுத்திக்கொண்டு கூத்துப் பார்க்கப் போன மாலைதான் எனக்கு ஞாபகம் வரும். இரண்டும் எங்கே சேர்ந்து மணக்கும் என்று கேட்காதீர்கள், என் மூக்கு அப்படி.

அப்பாவுக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. அங்கே எல்லோரும் "மைஸ்டர்" என்று கூப்பிடும் மேலாளர் ஒருநாள் அவருக்கு "கன்ட்ரி" நிகழ்ச்சிக்குச் சீட்டுகள் கொடுத்தார். கன்ட்ரி என்றால் நாடு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்த அப்பா, அப்படியானால் இது வெள்ளைக்காரரின் நாட்டுக்கூத்து என்று முடிவு கட்டிவிட்டார். அம்மாவின் முகம் மலர்ந்ததும் அதற்குத்தான், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் இருந்த அவளுடைய ஒரே தமையன் கூத்தில் ராசா வேடம் கட்டிப் பாடுகிறவர். சுவிசுக்கு வந்த பிறகு வேலைக்கும் கடைக்கும் தவிர அவர்கள் இருவரும் சேர்ந்து எங்கும் போனதில்லை. ஒரு கிழமையாக அம்மா, பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்த அந்தச் சேலையை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

நிகழ்ச்சி நாளன்று பின்னேரம் கீழ்வீட்டுக்காரியின் தொலைபேசிக்கு அப்பாவைத் தேடி அழைப்பு வந்தது. பேசிவிட்டு மேலே வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். கூட வேலை செய்கிறவன் வேலைநேரம் மாற்றக் கேட்டான் என்றார். வழக்கமாக வெளிக்கிடும்போது சாமிப் படத்துக்கு விளக்கேற்றுகிறவர், அன்று பஸ் போய்விடும் என்று எங்களை அவசரப்படுத்திக் கூட்டிப்போனார்.

உருளைக்கிழங்கு பொரிக்கும் மணம் நிறைந்த மண்டபத்தில் ராசாவும் இல்லை, முடியும் இல்லை. மாடு மேய்க்கிறவர்களின் அகலத் தொப்பி போட்ட சுவிஸ்காரர்கள் கிட்டாரோடு நின்றார்கள். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அறிவிப்பாளர்தான் "கட்டியகாரன்" என்று அப்பாவைக் கேலி செய்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு நரைத்த தாடிக்காரர் ஒருவர் மெதுவான பாட்டொன்றை எடுத்து, உச்சத்தில் குரலை நிறுத்தி இழுத்தார். அம்மா அப்பாவின் பக்கம் சாய்ந்தாள்.

"அண்ணையின்ர குரல் மாதிரியே கிடக்கு. ஒருக்கா அவரைக் கூப்பிட்டு இதைக் காட்டோணும், என்ன?"

மாமாவின் பேச்செடுத்தாலே ஏதாவது நக்கல் அடிக்கிற அப்பா, மேடையைப் பார்த்தபடி "ஓம்" என்று மட்டும் சொன்னார்.

அம்மா அவருடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பாட்டு முடிந்ததும் உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் கை தட்டினாள்.

அடுத்த நாள் காலையில், ஊரில் நடந்த சண்டையில் மாமா செல்லடிபட்டுச் செத்துப்போனார் என்றும், செய்தி இப்போதுதான் வந்தது என்றும் அப்பா சொன்னார். அம்மா கதறி அழுதாள், ஆனால் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பின்னேர அழைப்பு எதற்கு வந்தது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கூத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. அப்பா எதற்காவது "ஓம்" சொன்னால் பல வருடங்களுக்கு நான் அவருடைய முகத்தை ஒருதரம் பார்த்துக்கொள்வேன். ஏமாந்தவள் அம்மா என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. அந்த மண்டபமும் இல்லை. அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். போன மாதம் பஸ்ஸில் அதைக் கடந்தபோது, அப்பா மறைத்ததில் கோபமில்லையா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"சாவுச் செய்தி கேட்டால் தலை முழுகாமல் விளக்கேத்தக் கூடாது. அண்டைக்கு அப்பா சாமிப் படத்துக்குக் கிட்டவும் போகேல்லை. எனக்கு வீட்டிலையே விளங்கிற்று. ஆர் எண்டுதான் தெரியேல்லை. அண்ணையோ எண்டு அறியத்தான் அங்க அவரைக் கூப்பிடோணும் எண்டு கேட்டனான்."

"தெரிஞ்ச பிறகும் ஏனம்மா கை தட்டினீங்கள்?"

"அந்தத் தாடிக்காரனுக்கெண்டே நினைச்சனி?" என்றாள். பிறகு இறங்குவதற்கு மணியை அழுத்தினாள்.