கோழி இறகு நிறுத்திய கடிகாரம்

என்னங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? உங்க பக்கம் மழை உண்டா?

நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் இதை டைப் அடிக்கிறாள். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

எங்கள் மோட்டார் ரூமைத் திறந்தாலே கிரீஸும் ஈர மண்ணும் கலந்து ஒரு வாசனை வரும்... கண்ணை மூடினால் இன்னும் மூக்கில் நிற்கிறது.

எண்பதுகளில், நல்லம்பள்ளிப் பக்கம். எங்களுக்குக் கூட்டுக் கிணறு. ஒரே மோட்டார், இரண்டு பங்கு. ஒன்று எனக்கு, இன்னொன்று பெரியப்பா மகன் பெருமாள் அண்ணனுக்கு. காலையில் மூன்று மணி நேரம் அவர் தண்ணீர், அடுத்த மூன்று மணி நேரம் என் தண்ணீர். மோட்டார் ரூம் ஜன்னலில் ஒரு டைம்பீஸ் இருக்கும். அலாரம் அடித்தால் முறை மாறும். வாய்க்காலை அடுத்தவர் பக்கம் திருப்பிவிட வேண்டும்.

அந்த டைம்பீஸ், என் மனைவி சரோஜாவின் அண்ணன் பெங்களூரிலிருந்து கல்யாணத்துக்குக் கொண்டுவந்தது. மனுஷன் வேலைக்குப் போன கொஞ்ச நாளிலேயே கன்னடத்தில் அதட்டக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் வீட்டு மாட்டைக்கூட கன்னடத்தில்தான் அதட்டுவார். மாடு திரும்பிக்கூடப் பார்க்காது... சரி, அது வேறு கதை.

விஷயம் என்னவென்றால், கரண்ட் போகிற நேரமெல்லாம் என் முறையில்தான் வரும். மோட்டார் நின்றுவிடும். டைம்பீஸ் மட்டும் தன்பாட்டுக்கு ஓடும். கரண்ட் திரும்பி வருவதற்குள் அலாரம் அடித்துவிடும்.

"மணி அடிச்சா மொற முடிஞ்சுதுடா மாது. கரண்டு போனதுக்கு நான் என்னா பண்ணட்டும்?" என்பார் அண்ணன்.

"போன நேரத்தக் கழிச்சிக் குடுண்ணா."

"எப்ப போச்சு? நீ ஒண்ணு சொல்லுவ, நான் ஒண்ணு சொல்லுவேன். அப்பறம் ரெண்டு பேரும் மம்புட்டியத் தூக்கிக்கினு சண்டைக்கு நிக்கணும். மணிதான்டா பொது."

அதுவும் நியாயம்தான். ஆனால் நியாயத்தைப் பாய்ச்சினால் தக்காளி பிழைக்குமா?

நானும் சரோஜாவும் தனிக்குடித்தனம் வந்து போட்ட முதல் பயிர் அது. பூ வைத்து நின்றது. கடைசி வரிசைகளுக்குத் தண்ணீர் எட்டவே இல்லை. இலையெல்லாம் சுருண்டு, பூ உதிர ஆரம்பித்துவிட்டது. சரோஜா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

ஒருநாள் டைம்பீஸின் முதுகைத் திறந்து, கோழி இறகால் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே இப்படியும் அப்படியும் ஆடுகிற ஒரு சின்னச் சக்கரம்... அதில் இறகு நுனி பட்டது. கடிகாரம் நின்றது. இறகை எடுத்தேன். ஓடியது.

அட!

தண்ணீர் விழுந்தால் மணி ஓட வேண்டும். தண்ணீர் நின்றால் மணியும் நிற்க வேண்டும். அவ்வளவுதானே?

ஜன்னலுக்கு வெளியேதான் குழாய்த் தண்ணீர் தொட்டியில் விழும். ஒரு மூங்கில் குச்சியைத் தராசு மாதிரி ஜன்னலில் கட்டினேன். வெளி முனையில் அடியில் ஓட்டை போட்ட பால் டப்பா, உள் முனையில் இறகு. தண்ணீர் விழுந்தால் டப்பா கனத்து இறங்கும், இறகு சக்கரத்தை விட்டு மேலே போகும். தண்ணீர் நின்றால் டப்பா ஒழுகிக் காலியாகும், இறகு சக்கரத்தின் மேல் வந்து உட்காரும்.

"எங்கண்ணன் குடுத்த மணிய வவுத்தக் கிழிச்சிப் போட்டுட்டீங்களே!" என்றாள் சரோஜா.

"என்னடா, மணிக்குப் பேன் பாக்கறயா?" என்றார் பெருமாள் அண்ணன்.

முதல் நாள் கரண்ட் போனது. மணி சொன்னபடி நின்றது. கரண்ட் வந்தது, மோட்டார் போட்டேன், டப்பா இறங்கியது, இறகு எழுந்தது...

மணி ஓடவில்லை. அண்ணன் சிரித்த சிரிப்பு அதியமான்கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

உட்கார்ந்து பார்த்தேன். நின்ற சக்கரத்துக்கு லேசாக ஒரு தட்டு வேண்டும். இறகைக் கொஞ்சம் சாய்த்துக் கட்டினேன். இப்போது அது எழும்போதே சக்கரத்தை ஒரு தடவு தடவிவிட்டு எழுந்தது. டிக் டிக் டிக்...

அப்படியும் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊருக்கெல்லாம் ஒரு மணி, உனக்கு ஒரு மணியா?"

"நாம நேரத்தயா பங்கு போடறோம்? தண்ணியத்தான பங்கு போடறோம்ணா?"

தலையைச் சொறிந்தார். "ஒரு வாரம் பாப்பேன். எனக்கு நட்டம்னா உன் எறகு அடுப்புக்குள்ள."

அந்த வாரத்திலேயே கரண்ட் காலையில் போனது. அவர் முறையில்! முழங்கால் வரை சேற்றோடு வரப்பில் ஓடி வருகிறார். "டேய் மாது! எறகு உழுந்துச்சா? மணி நின்னுச்சா? நல்லாப் பாருடா!"

நின்றிருந்தது. பக்கத்தில் குந்திக்கொண்டு, காய்ச்சல்காரனுக்கு நாடி பார்க்கிற மாதிரி அதையே பார்த்தார். கரண்ட் வந்து, அவருக்கு முழுத் தண்ணீரும் பாய்ந்து, அலாரம் அடித்தபோது, என்னை முந்திக்கொண்டு அவரே மண்வெட்டியை எடுத்து வாய்க்காலை என் பக்கம் வெட்டிவிட்டார்.

அன்றைக்கு என் முறையிலும் ஒருமுறை கரண்ட் போய் வந்தது. மணி எனக்காகக் காத்திருந்தது. தண்ணீர் கடைசி வரிசையைத் தொட்டபோது நான் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் பறந்தது.

"ஆளுங்க பாக்கறாங்க, கத்தாதீங்க!" என்றபடி சரோஜா கடைசி வரப்பு வரைக்கும் வந்துவிட்டாள். அவள்தான் என்னைவிடச் சத்தமாகச் சிரித்தாள். அந்தத் தடவை கடைசி வரிசையும் காய்த்தது.

இப்போது அவருக்கு ஒரு போர்வெல், எனக்கு ஒரு போர்வெல். என் மகன் தர்மபுரியில் இருந்தபடியே போனில் மோட்டார் போடுகிறான். நல்லதுதான், குறை சொல்லவில்லை. வாய்க்காலில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டிய வேலைதான் இல்லாமல் போய்விட்டது...

போன வாரம் சந்தையில் அண்ணனைப் பார்த்தேன். காது மந்தம். என் கையைப் பிடித்துக்கொண்டு, வெங்காயம் விற்கிறவனிடம் சொல்கிறார்: "கரண்டு லீவு போட்டா மணிக்கும் லீவு குடுத்தவன்டா இவன்!" சந்தையே திரும்பிப் பார்த்தது. நானும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, அந்த வெங்காயக்காரனிடம்... இருங்கள், வெளியிலிருந்து சரோஜா கூப்பிடுகிறாள்.

"ஏங்க! தொட்டி ரொம்பி வழியுது, யாரு மோட்டார நிறுத்தறது? வாங்க இப்பிடி!"