அம்மா காத்த கடல்

திருப்பூர் பனியன் கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் தைக்கும் செல்வி, ஊசி குத்திய விரலில் துண்டுத்துணியைச் சுற்றினாள். எனக்கு அம்மாவின் கைகள் நினைவுக்கு வந்தன; அவளிடம் சொன்னேன்.

ராமநாதபுரம் கடற்கரையில் அம்மா பாறை கீறாமலிருக்கப் பத்து விரலிலும் துணி சுற்றிக்கொண்டுதான் கடற்பாசி எடுக்க மூழ்குவாள். ஒருநாள், கரைக்கு எதிரே உள்ள தீவைச் சுற்றிய கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி என்று சொல்லி, வனத்துறைக் காவலர்கள் ஊர்ப் பெண்களின் பாசி மூட்டைகளைப் பறித்தார்கள். அம்மா ஈரச் சேலையோடு அதிகாரி முன் போய் நின்றாள்.

"கையாலதான் கிள்ளுறோம் சார், வேரைத் தொடமாட்டோம். பவளப்பாறைய மிதிக்க மாட்டோம். பாசி வளரட்டும்னு மாசத்துல பாதி நாள் நாங்களே கடல்ல இறங்குறதில்ல. நீங்க வர்றதுக்கு முன்னாடியிருந்தே காக்குறோம்."

அதிகாரி ஒரு மூட்டையைப் பிரித்து, பாசியில் வேர் இல்லாததைப் பார்த்தார். பிறகு மூட்டைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். கரையில் நின்ற நான், "அது எங்கம்மா" என்று எல்லோரிடமும் சொன்னேன்.

இதைக் கேட்ட செல்வி, "அம்மா இப்பவும் கடலுக்குப் போறாங்களாங்க்கா?" என்றாள்.

"போறா. தீவைப் பத்திக் கூட்டம்னா இப்ப அதிகாரிங்களோட அவளுக்கும் நாற்காலி போடுறாங்க."