ரேடியேட்டரில் உப்புத் தண்ணீர்

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் விஜயராஜ் அண்ணாச்சி, டிரைவர் ஜேம்ஸ்ராஜைக் கேட்காமல் காரைப் பட்டறைக்கு விடமாட்டார். பத்தொன்பது வருஷப் பழக்கம். கரும்புகை வந்தால் ஏர் பில்டரில் கரிசல் புழுதி, நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது என்று ஜேம்ஸ்ராஜ் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். பட்டறைக்காரர்களுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

சித்திரையில் குளத்தூர் போய்த் திரும்பும்போது கார் சூடாகி நின்றுவிட்டது. மறுநாள் பட்டறையில், இன்ஜினையே மாற்ற வேண்டும் என்றார்கள்.

"ஏலே ஜேம்சு, நீ பாத்துச் சொல்லு."

ஜேம்ஸ்ராஜ் ஆயில் கம்பியை உருவினார். பால் விட்ட டீ மாதிரி இருந்தது ஆயில். ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணினார். தண்ணீர் குமிழி விட்டது. பின்னால் வெள்ளைப்புகை நிற்கவே இல்லை.

"இன்ஜினை மாத்தாண்டாம் அண்ணாச்சி. ஹெட் கேஸ்கட்டுதான் போயிருக்கு, அதை மட்டும் மாத்துனாப் போதும்."

அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல். "அது ஏம்ல போச்சு?"

அத்தோடு விட்டிருக்கலாம். ஜேம்ஸ்ராஜ் மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல் உப்பு. "போர் தண்ணி ஊத்துனதுதான். உப்பு அடைச்சு இன்ஜின் சூடாயிட்டு."

ஊற்றச் சொன்னதே அண்ணாச்சிதான். 'மனுசன் குடிக்கவே குடம் குடமா வாங்குதோம், காருக்கு நல்ல தண்ணி கேக்குதோ?' என்று போன வருஷம் கத்தினார். கொஞ்ச நாள் ஜேம்ஸ்ராஜ் தன் வீட்டுக் குடத்திலிருந்து கொண்டுவந்து ஊற்றினார். "கார் குடிக்கட்டும், நாம எச்சியை முழுங்குவோம்" என்று மனைவி சபிதா குடத்தை மறித்த பிறகு அதுவும் நின்றது.

பட்டறையே அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தது.

"நானா ஊத்துனேன்? சாவி ஒங்கிட்டதானல இருந்துச்சு? இம்புட்டுத் தெரிஞ்சவன், தெரிஞ்சேதான் ஊத்தியிருக்க."

"நீங்கதான அண்ணாச்சி…"

"வைய்யி சாவியை."

முதலில் சிரித்தது பட்டறைக்காரர்தான்.

ஜேம்ஸ்ராஜுக்கு ஐம்பத்துநாலு வயசு. முதலாளி காரைக் கெடுத்தவன் என்ற பேருக்கு அப்புறம் எவனும் சாவி கொடுக்கவில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, அவர் வீட்டு வாசலில் ஆரன் சத்தம். அதே கார். புது டிரைவர் காசிராஜன் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினான். "டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்கு. பட்டறைக்கு விடுததுக்கு முந்தி ஒங்ககிட்டக் காட்டச் சொன்னாவ அண்ணாச்சி."

சபிதா கதவை அறைந்து சாத்தினாள். ஜேம்ஸ்ராஜ் இறங்கிக் காரிடம் போனார். பிறகு பானட்டைத் தூக்கிக் காதைக் கொடுத்தார்.

"இன்ஜின் மவுண்ட் தேஞ்சிருக்கு. அதை மட்டும் மாத்தச் சொல்லு."

ரேடியேட்டர் மூடியோரம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"என்ன தண்ணி ஊத்துத?"

"போர் தண்ணிதான். அண்ணாச்சி சொல்லியிருக்காவ."

ஜேம்ஸ்ராஜ் பானட்டை அழுத்திச் சாத்தினார்.

"ரேடியேட்டரை நான் பாக்கவே இல்லன்னு சொல்லு."