என் வாய்க்குக் கீழே ஓடிய எழுத்து

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் துபாய் கராமாவில் குடியிருந்தோம். நான் வீட்டிலேயே சமைத்து, பேச்சுலர் பையன்களுக்குக் கேரியர் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு புஜைராவில் வேலை, கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பெனியில். வியாழன் சாயங்காலம் வருவார், வெள்ளி இரவு போவார். மேல்மாடியில் ஓர் ஈரான்காரர் இருந்தார். சினிமா எடுக்கிறவர். சொந்த நாட்டில் படத்தை ஓடவிடவில்லை என்று இங்கே வந்துவிட்டவர். வெளிநாடுகளில் பெரிய பேர் என்றார்கள். அவருக்கும் மதியம் என் கேரியர்தான்.

காலிக் கேரியரைக் கொண்டுவரும்போது வாசலில் நின்று, பெஹன், அதாவது தங்கச்சி என்று என்னைக் கூப்பிட்டு, இந்தியில் பேசுவார். ஒரு நாள் சொன்னார்: "பெஹன், என் படத்துல ஒரு பொம்பள புருஷனத் திட்டுறா. எங்க ஊர்ல அத அழிச்சுட்டு, அவ மன்னிப்புக் கேக்குற மாதிரி வேற குரல் போட்டுட்டாங்க." கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்குப் பாவமாக இருந்தது. மறுநாள் கேரியரில் ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தேன். இப்போது நினைத்தால் அந்த மீனைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பிறகு ஒரு நாள் கேமராவோடு வந்தார். "உங்க பாஷையிலயே பேசுங்க. மனசுல உள்ளதப் பேசுங்க" என்றார். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, அடுப்படி ஜன்னல் பக்கம் நின்று பேசினேன். வியாழன் வந்தால் இந்த மனிதரோடு ஒரு மூட்டை அழுக்குத் துணியும் வரும், வெள்ளி போனால் எனக்கு ஆறு நாள் நிம்மதி என்றேன். என் கையால் இருபது பேர் சாப்பிடுகிறார்கள், ரமலானில் என் சம்பாத்தியத்துக்கு நான் தனியாக ஏழைகளுக்கு ஜக்காத் கொடுக்கிறேன், யாரிடமும் கை நீட்டியவள் இல்லை என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அடுத்த வருஷம் ஈரான்காரர்களின் கிளப் ஒன்றில், அவர் எடுத்த படங்களையெல்லாம் முதலிலிருந்து கடைசிவரை போட்டுக் காட்டினார்கள். இரண்டு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு. எங்களையும் அழைத்தார்.

முதல் வெள்ளி, அவர் ஊரில் எடுத்த படங்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும், பாஷை தெரியாவிட்டாலும் எனக்குப் பிடித்திருந்தது. தர்பூசணி விற்கிற ஒருத்தி பஸ் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்கிறாள். ஒரு கல்யாண வீட்டில் பங்காளிகள் இறைச்சிக்கு அடித்துக்கொள்கிறார்கள். எல்லோரும் தின்றார்கள், வைதார்கள், சிரித்தார்கள். அடுத்த வெள்ளி, வெளிநாட்டுக் காசில் எடுத்தவை. அதில் ஒருவரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆளாளுக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அதே மனிதர்தான் எடுத்தாரா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது.

கடைசிப் படத்தில் நான் வந்தேன். சுவர் அகலத்துக்கு என் முகம். என் குரலைத் தணித்துவிட்டு அலைச் சத்தம் போட்டிருந்தார். கராமாவில் ஏது அலை? கீழே பாரசீக எழுத்து ஓடியது, அதற்கும் கீழே இங்கிலீஷ். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. குர்ஆன் ஓதப் போன இடத்தில் அரபு எழுத்தில் தமிழ் எழுதக் கற்றவள். எங்கள் கடற்கரை ஊர்ப் பெண்களுக்கு அன்று அதுதான் எழுத்து. பாரசீகமும் அதே எழுத்துதான், அதனால் பொருள் தெரியாமலே கூட்டிக் கூட்டிப் படித்தேன். ஒரு சொல் பிடிபட்டது. மிஸ்கீன். கதியற்றவர், ஜக்காத் வாங்குகிறவர் என்று அர்த்தம். என் முகத்துக்குக் கீழே அந்தச் சொல்.

கூட வந்திருந்த மகள் அப்போது பத்தாவது படித்தாள். "கீழ என்னடி போட்டிருக்கு?" என்றேன்.

"விடுங்க உம்மா, சும்மா படம்தானே."

"படிடி."

இங்கிலீஷை மெல்லப் படித்துச் சொன்னாள்: "என் புருஷன் போயிட்டார், திரும்பி வரவே இல்ல. நான் கதியத்தவ. கடலப் பாத்துக்கிட்டே இருக்கேன். அப்படின்னு இருக்கு உம்மா."

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், "நான் எங்கடி போனேன்?" என்றார். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்காக அழுகிறார்களாம். உடம்பெல்லாம் எரிந்தது.

விளக்குப் போட்டதும் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன்: "நான் மிஸ்கீன் இல்ல. என் புருஷன் இந்தா உக்காந்திருக்கார். இந்தப் படம் எடுத்தவர் தினம் தின்னுறது என் சோறு."

கைதட்டினார்கள். பாதிப் பேருக்கு இந்தி விளங்கியிருக்காது. விளங்கினவர்களும் எழுந்து நின்று தட்டினார்கள். ஓர் அம்மாள் வந்து என் கன்னத்தில் முத்தம் வைத்தார். அந்த மனிதர் மேடையில் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார். ஒருவராவது சண்டைக்கு வந்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

மறுநாள் காலிக் கேரியரோடு வந்தார்.

"அந்த எழுத்த எடுங்க பாய். இல்லன்னா என் முகத்த எடுங்க."

"படம் வெளிநாட்டுக்குப் போயிடுச்சு பெஹன். கலாஸ், முடிஞ்சுபோச்சு."

"உங்க பொம்பள வாயில வேற பேச்ச வச்சதுக்கு இதே வாசல்ல நின்னு அழுதீங்களே."

அதற்கு அவர் சொன்னார்: "நல்லா வாழுற பொம்பளையப் பாக்க அங்க யாரும் வர மாட்டாங்க."

கேமரா இல்லாத இடத்தில் உண்மை வந்தது. சொல்லிவிட்டுக் கூசாமல் கேரியரை நீட்டினார்.

"மிஸ்கீன்கிட்ட வந்து சோறு கேக்கலாமா பாய்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன்.

படம் பல தேசம் சுற்றியது. கேசட்டாக எங்கள் ஊருக்கும் வந்து, அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரருடைய தங்கை டெலிபோனில் அழுதாள்: "மச்சி, எங்க காக்கா உங்கள விட்டுட்டுப் போயிட்டாராமே." வாயில்லாதவர்களுக்காகப் படம் எடுத்தவர் என்று அவரை இன்னும் புகழ்கிறார்களாம். புகழட்டும். எனக்கு வாய் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்த வயதில் தமிழெழுத்தைத் தடவித் தடவி எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் எங்கேயும் போகவில்லை. அதற்கடுத்த வியாழனும் புஜைராவிலிருந்து வந்தார், உட்கார்ந்து சாப்பிட்டார், குழம்பில் உப்புக் குறைவு என்றார்.