ஜாக்கி சாய்ந்த மத்தியானம்

நாங்கள் ஊர் ஊராகப் போய்வரப் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்திருந்தார் என் கணவர். முழங்காலில் ஆபரேஷன் ஆன என்னால் அதில் ஏற முடியவில்லை. ஸ்பிரிங் பட்டைகளில் இரண்டைக் கழற்றினால் வண்டி தாழும் என்று, வீட்டுப் பக்கத்துக் கரிசல் மண்ணில் ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் படுத்துவிட்டார். முந்தின நாள் மழையில் மண் இளகியிருந்தது. ஜாக்கி மெல்லச் சாய்வதை நான்தான் பார்த்தேன்.

“ஏங்க, வெளிய வாங்க!”

“இருடி, ஒரு நட்டுதான் பாக்கி.”

வெளியே நீட்டியிருந்த கால்களைப் பிடித்து, வலியை மறந்து இழுத்தேன். அவர் நெஞ்சு இருந்த இடத்தில் வண்டி தொப்பென்று அமர்ந்தது.

“சட்டையக் கிழிச்சிட்டியே” என்றார், வண்டியடியில் மாட்டிக் கிழிந்த தோள்பக்கத்தைத் தடவிக்கொண்டே. நான் அழுதேன்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் சிமெண்டுத் தரையில் வைத்துப் பட்டைகளைக் கழற்றினார்கள். ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தேன். முதல் பயணமாகக் கழுகுமலை போய்ச் சேரும்வரை அவரோடு பேசவில்லை.