போனுக்கு ஏது மடி?

போன வருடம் பள்ளி விடுமுறையில், ஒரு சனிக்கிழமை காலை, ஜொகூரின் செனாய் விமான நிலையத்தில் நடந்தது இது. பினாங்கு விமானம் ரத்து என்று பலகையில் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

அன்று மாலை பினாங்கில் என் தங்கை மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் நான் ஒருவன்தான்; என் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஜொகூரிலிருந்து பினாங்கு கிட்டத்தட்ட எழுநூறு கிலோமீட்டர். பறந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அந்தத் தைரியத்தில்தான் அன்றைக்கே கிளம்பினேன்.

தங்கை கல்யாணத்தின்போது கொரோனாவால் எல்லை மூடிக் கிடந்தது. நான் வேலை பார்த்த சிங்கப்பூரிலேயே மாட்டிக்கொண்டேன். அப்பாவும் இல்லாத வீடு. அண்ணன் நிற்க வேண்டிய இடத்தில் நாற்காலி போட்டு, அதில் கைபேசியைச் சாய்த்து வைத்தார்கள். திரையில் அவள் அழுததைப் பார்த்தபோதே முடிவு செய்தேன், அவள் வீட்டு அடுத்த விசேஷத்தில் என்ன ஆனாலும் நேரில் போய் நிற்பேன் என்று.

கவுண்டரில் இருந்த பெண், "நாளைக்குக் காலை ஃபிளைட்ல மாத்தித் தரேன் சார்" என்றாள்.

"நாளைக்குப் போயி நான் என்னம்மா செய்ய? பந்தல் பிரிக்கவா?"

பின்னால் வரிசையில் நின்ற ஒரு பாய் என் தோளைத் தொட்டார். குளுவாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவராம். "சத்தம் போட்டா பிளேன் வராது தம்பி. என் காடி வெளியதான் நிக்குது. நானும் பினாங்குதான். மாத்தி மாத்தி ஓட்டுவோம், வாங்க."

காரில் வருகிறேன் என்று தங்கைக்குப் போனில் சொல்லிவிட்டு ஏறினேன். நெடுஞ்சாலை முழுக்க விடுமுறைக் கூட்டம். கோலாலம்பூரைத் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது. ஈப்போ பக்கம் பேய் மழை. "அலமாக்! கொஞ்சம் நிப்பாட்டலாமா?" என்றார் பாய்.

"நீங்க தூங்குங்க பாய், நான் ஓட்டுறேன். இன்னிக்கி நான் போயே ஆகணும் லா."

அவர் தூங்கவில்லை. நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, நான் ஓட்ட ஓட்ட என் கையில் கொடுத்துக்கொண்டே வந்தார்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது நல்ல நேரம் தாண்டியிருந்தது. காது குத்த வந்த ஆசாரி சலித்துப்போய் உட்கார்ந்திருந்தார். மேடையில் ஒரு நாற்காலி, அதில் ஒரு கைபேசி. சம்பந்தி வீட்டார் தயாராகத்தான் வைத்திருந்தார்கள். தங்கை குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். "எங்கண்ணன் வந்துகிட்டு இருக்காரு. நல்ல நேரம் இன்னொண்ணு வரும். போனுக்கு ஏது மடி?" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

கைபேசியை எடுத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். மருமகள் என் மடியில் ஊரைக் கூட்டி அழுதாள். எனக்கும் கண்ணீர் நிற்கவில்லை.

பந்தியில்தான் பாயிடம் கேட்டேன், பினாங்கில் அவருக்கு என்ன வேலை என்று.

"கடைக்கு அடுப்பு ஒண்ணு பாக்கணும். திங்கக்கிழமை பாத்தாலும் போதும்" என்றார், பாயசத்தைக் குடித்தபடி. "நீங்க அங்க நின்ன நிலையப் பாத்தேன், மனசு கேக்கல."

பினாங்கு எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், பறந்தால் ஒரு மணி நேரம் என்றுதான் இப்போதும் சொல்கிறேன். ஆனால் எந்த அவசரமும் இல்லாத ஒரு மனிதர் என் அவசரத்துக்காக நாள் முழுக்க வந்த தூரம்தான் எனக்குத் தெரிந்த தூரம்.